அயல்நாட்டு வண்டிக்கு உள்நாட்டு எண்

நாடு விட்டு நாடு குடிபெயரும் மனிதன் தன் பெயரைத் தன்னோடு கொண்டு செல்கிறான். அவன் வாங்கிய மோட்டார் வண்டிக்கு அந்த உரிமை இல்லை. பழைய நாட்டில் பெற்ற எண்ணை இழந்து, புதிய நாட்டில் வேறு எண் பெற்றாலன்றி அது சாலையில் நிலையாக ஓட இயலாது. "விலை கொடுத்து வாங்கிய வண்டிதானே, மறுபடியும் பணம் கட்டுவதேன்?" என்று பலர் கேட்பதுண்டு. இக்கேள்விக்குள் மூன்று வேறு உரிமைகள் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன. வண்டி யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று. அது நாட்டினுள் நுழையலாமா என்பது மற்றொன்று. சாலையில் ஓடலாமா என்பது மூன்றாவது. முதலாவதைப் பற்றி எந்த அரசாங்கமும் பெரிதாகத் தர்க்கம் செய்வதில்லை. இரண்டாவது சுங்க இலாகாவின் கையிலும், மூன்றாவது சாலைப் போக்குவரத்து இலாகாவின் கையிலும் உள்ளன. முதலாவது இருந்தால் மற்ற இரண்டும் தாமே வந்துவிடும் என்று எண்ணிக் கப்பலில் வண்டியை ஏற்றியவர்களே பெரும்பொருள் இழந்தவர்கள்.

கோல சிலாங்கூர் வட்டாரத்திற்கு அயல்நாட்டுச் சரக்கு புதிதன்று. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட செம்பனை, இந்நாட்டில் வாணிப நோக்குடன் முதன்முதலாக 1917ஆம் ஆண்டில் பயிரிடப்பட்டது பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அண்மையிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே அதனைத் தொடங்கினார். தென்னையின் பெயரைத் தமிழிலேயே தாங்கிய தோட்டத்தில் அயல்நாட்டுப் பனை குடியேறியது ஒரு வேடிக்கை. மரத்திற்கு எண் தேவைப்படவில்லை, வண்டிக்குத் தேவைப்பட்டது.

சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் வண்டி 1896இல் காட்ஸ் சகோதரர்கள் என்னும் வாணிப நிலையத்தார் வழியாக வந்தது. அது பென்ஸ் வண்டி. அதனை வாங்கிய சார்லஸ் பக்லி என்பாரின் வண்டியைக் 'காப்பி இயந்திரம்' என்று மக்கள் நகையாடினர். பத்தாண்டுகள் கழித்து டேர் சீமாட்டி என்பார் ஆடம்ஸ்-ஹூவிட் வண்டியொன்றை வாங்கினார். அதற்குக் கிடைத்த எண் 'எஸ் 1'. சாலையோர மக்கள் அதனைப் 'பேய்க்காற்று வண்டி' என்றழைத்தனராம். சிங்கப்பூர், மலாயா, ஜாவா, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எனப் பல இடங்களிலும் அவர் வண்டியோட்டிச் சென்றார்.

இந்த 'எஸ்' என்னும் எழுத்தைச் சிங்கப்பூர் எடுத்துக்கொண்டமையால் சிலாங்கூருக்கு அது கிட்டவில்லை. பேராக்கிற்கு ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தும், சிலாங்கூருக்கு இரண்டாம் எழுத்தும், பகாங்கிற்கு மூன்றாம் எழுத்தும் அமைந்தன. ஈண்டுத் தமிழாசிரியர் கவனிக்கத்தக்க சிறு தொல்லை ஒன்றுண்டு. சிலாங்கூரின் எழுத்தும் பினாங்கின் எழுத்தும் தமிழில் ஒன்றுபோல் 'பி' என்றே எழுதப்படும். விபத்துச் செய்தியில் 'பி' என்று மட்டும் அச்சிட்டால் வண்டி எந்த மாநிலத்தது என்று வாசகர் அறிய வழியில்லை. 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானபின் அதற்கு 'டபிள்யூ' தனியே வந்தது. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று ஊர்ப்பெயர் மாறிய பின்னும், பத்தாங் பெர்ஜுந்தாய் வண்டிகளில் சிலாங்கூர் எழுத்து மாறவில்லை.

இனி, அயல்நாட்டு எண்ணோடு ஓடும் வண்டிகளும் உண்டே எனலாம். உண்டு, அவை விருந்தினர். 1926ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையும், அதன்பின் 1949 செப்டம்பர் 19இல் ஜெனிவாவில் செய்துகொண்ட சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையும் இவ்விருந்தினருக்கு வழி வகுத்தன. வண்டியின் பின்புறம் வெண்ணிற நீள்வட்டத்தில் நாட்டின் எழுத்துக் குறி இருத்தல் வேண்டும். ஆயினும் ஓராண்டுக்கு மேல் இடைவிடாது தங்கிய வண்டிக்கு இச்சலுகையைத் தர எந்நாடும் கடமைப்பட்டதன்று என்று ஜெனிவா உடன்படிக்கையே கூறுகிறது. தீர்வையின்றித் தற்காலிகமாக நுழைவதற்குக் 'கார்னே' என்னும் புத்தகம் பயன்படும். அதன் ஒவ்வோர் ஏட்டிலும் நுழைவுச் சீட்டு, வெளியேற்றச் சீட்டு, அடிக்கட்டை என மூன்று பகுதிகள். வண்டி வெளியேறியதற்கு முத்திரை இல்லையேல், புத்தகம் வழங்கிய மோட்டார் சங்கமே தீர்வைக்குப் பொறுப்பாகும். ஆகவே சங்கம் முன்கூட்டியே ஈடு வாங்கிக்கொள்ளும். சிங்கப்பூரிலிருந்து தரைவழி வரும் வண்டிகளுக்கு மலேசியா நுழைவு அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கி, 2025 ஜூலை 1 முதல் அது இல்லாதோருக்குத் தண்டம் விதிக்கிறது. இவையெல்லாம் விருந்துக்கான விதிகள். குடியேறுவோர் இவற்றை நம்பி வண்டியைக் கொண்டுவருதல் தவறு.

பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்துத் தோட்டக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ படித்து வேலை பார்த்துவிட்டுத் தம் வண்டியுடன் திரும்ப விரும்புகிறார் என்று கொள்க. முதற்படி, வாணிப அமைச்சின் இறக்குமதி அனுமதி. ஓராண்டுக்குக் குறையாமல் சட்டப்படி அயல்நாட்டில் வாழ்ந்திருத்தல், வண்டி ஒன்பது மாதமேனும் தம் பெயரில் இருத்தல் ஆகியவை அதன் முக்கிய நிபந்தனைகள். நிபந்தனைகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் புறப்படுமுன் அமைச்சிடம் கேட்டறிவதே முறை. இந்த அனுமதி கையில் வந்த பின்னரே வண்டி கப்பலேற வேண்டும். கிள்ளான் துறைமுகத்தில் வண்டியை இறக்கிவிட்டு அனுமதிக்கு மனுச் செய்வது, தேர்வு எழுதியபின் பள்ளியில் பெயர் சேர்ப்பதைப் போன்றது. காத்திருக்கும் நாளுக்கெல்லாம் துறைமுகக் கிடங்கு வாடகை ஏறிக்கொண்டிருக்கும்.

அடுத்தது தீர்வை. இங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. பொதுவான இறக்குமதித் தீர்வை 30 விழுக்காடு; ஆசியான் நாடுகளில் செய்த வண்டிகளுக்கும், தனி ஒப்பந்தம் உள்ள சில நாடுகளின் வண்டிகளுக்கும் அது குறையும் அல்லது நீங்கும். கலால் தீர்வை வண்டியின் வகைக்கும் இயந்திர அளவுக்கும் ஏற்ப 60 முதல் 105 விழுக்காடு வரை. விற்பனை வரி 10 விழுக்காடு. 30, 75, 10 ஆகிய மூன்றையும் கூட்டி 115 விழுக்காடு என்று முடிவுகட்டுவோர் பலர். அது சரியன்று. ஒவ்வொரு வரியும் முந்திய வரியைச் சேர்த்த தொகையின் மேல் ஏறுகிறது.

சுங்க இலாகா ஒரு வண்டியை 60,000 வெள்ளி என மதிப்பிடுகிறது என்று கொள்க. இறக்குமதித் தீர்வை 18,000, ஆக 78,000. இதன் மேல் கலால் தீர்வை 75 விழுக்காடாயின் 58,500, ஆக 1,36,500. இதன் மேல் விற்பனை வரி 13,650; முடிவில் 1,50,150 வெள்ளி. வரி மட்டும் 90,150. வெறுங்கூட்டலில் வந்திருக்கக்கூடியது 69,000தான். இடைப்பட்ட 21,150 வெள்ளி, கணக்குத் தெரியாமையின் விலை. அன்றியும், மதிப்பு என்பது வாங்கியவர் கொடுத்த விலையன்று. கப்பற்கூலியும் காப்புறுதியும் சேர்த்து, வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து, இலாகாவே தீர்மானிப்பது. தாயகம் திரும்பும் வல்லுநருக்கென அரசாங்கம் வகுத்த திட்டத்தில் ஒப்புதல் பெற்றவர்க்கு மட்டும் வரம்புக்குட்பட்ட வரிச் சலுகை உண்டு. பழைய வண்டியை விற்றுவிட்டு இங்கு வேறொன்று வாங்குவதே பெரும்பாலோர்க்கு இலாபம் என்பதை மேற்கண்ட கணக்கே காட்டும்.

வரி கட்டியபின்தான் சாலை இலாகாவின் வாயில். இடப்புறச் சுக்கான் கொண்ட வண்டிகளை, சில தனி விலக்குகள் நீங்கலாக, இங்கே பதிவதில்லை. ஆகவே அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் ஓடிய வண்டிகளுக்கு வழி அடைபட்டதே எனலாம். இங்கிலாந்து, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகியவற்றின் வண்டிகளுக்கு இத்தொல்லை இல்லை. பரிசோதகர் முதலில் தேடுவது எண் பலகையை அன்று. அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணை. இக்கால வண்டிகளில் அது எழுத்தும் இலக்கமுமாகப் பதினேழு குறிகள் கொண்டது. ஒன்று, பூச்சியம் ஆகியவற்றோடு மயங்காதிருக்க ஆங்கில 'ஐ', 'ஓ', 'க்யூ' ஆகிய எழுத்துக்களை அதில் விலக்கியுள்ளனர். எண் பலகை அரசாங்கம் தரும் பெயர். நாட்டுக்கு நாடு மாறும். அடிச்சட்ட எண் பிறவிக்குறி, மாறாது. அயல்நாட்டுப் பதிவை நீக்கிய சான்றிலும், கப்பற் பத்திரத்திலும், சுங்கச் சீட்டிலும் அது ஓரெழுத்தும் பிசகாது ஒத்திருக்க வேண்டும். ஒரு குறி தவறினும் அது வேறு வண்டியே.

பதிவுப் பத்திரத்தை இந்நாட்டுத் தமிழர் 'கிராண்டு' என்பர். நிலத்துக்கு அரசாங்கம் வழங்கிய பட்டாவைக் குறித்த ஆங்கிலச் சொல் மலாயில் 'கெரான்' ஆகி, நிலத்திலிருந்து வண்டிக்கும் தாவியது. சொல்லோடு ஒரு மயக்கமும் தாவியது. பட்டா இருந்தால் நிலம் தன்னது என்பதுபோல், கிராண்டில் பெயர் இருந்தால் வண்டியும் முழுமையாகத் தன்னதே என்று எண்ணுகின்றனர். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழ்த் தவணைக்கு வாங்கிய வண்டி, கடைசித் தவணை தீரும்வரை கடன் கொடுத்தவருக்கே சொந்தம். அவ்வுரிமை பதிவிலும் குறிக்கப்படும்.

இங்கிருந்து வெளியேறுவோர்க்கு இது மிகவும் வேண்டப்படுவது. தவணை தீராத வண்டியை, கடன் கொடுத்தவரின் இசைவின்றி அயல்நாட்டுக்கு நிரந்தரமாகக் கொண்டுசெல்ல இயலாது. தவணை தீர்ந்தாலும் போகுமிடத்தில் வரவேற்பு எளிதன்று. மூன்றாண்டு முடிந்த பழைய வண்டியைப் பதிவதற்குச் சிங்கப்பூர் இடங்கொடுப்பதில்லை. இளைய வண்டிக்கும் 1990 முதல் ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்று வேண்டும். அந்நாட்டின் குடியுரிமையோ நிரந்தர வாசமோ பெற்றவர் சிலாங்கூர் எண் கொண்ட வண்டியை அங்கே வைத்து ஓட்டுவதும் குற்றம். இத்தகையோர் புறப்படுமுன் வண்டியை இங்கேயே விற்றுப் பெயர் மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். மாற்றாது சாவியை மட்டும் உறவினரிடம் விட்டுச் சென்றால், தண்டச் சீட்டுக்கள் தொடர்ந்து பழைய பெயருக்கே வந்துகொண்டிருக்கும்.