படகு வீட்டின் அடுப்பும் பற்றறியும்

மின்சாரப் பட்டியல் வராத வீடொன்றில் 2024 ஜனவரியில் பத்து நாட்கள் தங்கியிருந்தேன். இலண்டனையும் பேர்மிங்ஹாமையும் இணைக்கும் கிராண்ட் யூனியன் கால்வாயில் மிதக்கும் வீடு அது. பல்கலைக்கழகத்தில் என்னோடு சமூகவியல் படித்த தோழி இங்கிலாந்தில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். வாடகை கட்டுப்படியாகாததால் பழைய இரும்புப் படகொன்றை வாங்கி அதிலே தனியாக வாழ்கிறாள். நீளம் 57 அடி, அகலம் ஏழு அடிக்கும் குறைவு. ஒருவர் சமைத்துக் கொண்டிருந்தால் மற்றவர் பக்கவாட்டாகத்தான் கடக்க வேண்டும். நிரந்தரத் தரிப்பிடம் இல்லாத படகு என்பதால் 14 நாட்களுக்கு மேல் ஓரிடத்தில் கட்டி வைக்கவும் முடியாது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி.

தனியாக இருக்கப் பயமில்லையா என்று கேட்க நினைத்திருந்தேன். அவளோ போன அன்றே என்னை ஒரு சிறிய மானியின் முன் நிறுத்தினாள். “இதைப் பார்க்காமல் நான் படுக்கிறதில்லை” என்றாள். அதில் 12.4 என்று இருந்தது.

எஞ்சினை இயக்கத் தனியாக ஒரு பற்றறி உண்டு. வீட்டுப் பாவனைக்கு 12 வோல்ற்று, 110 அம்பியர்-மணி பற்றறிகள் மூன்று. ஈயப் பற்றறியைப் பாதிக்குக் கீழே இறங்க விட்டால் அதன் ஆயுள் குறைந்துவிடும். ஆகவே புதிதாக இருக்கும்போதே மூன்றிலுமிருந்து எடுக்கக்கூடியது ஏறக்குறைய இரண்டு யூனிட் மின்சாரந்தான். எதையும் பாவிக்காமல் சற்று நேரம் விட்டுப் பார்த்தால் நிறைந்த பற்றறி 12.7 காட்டும், பாதி தீர்ந்தது 12.2 காட்டும். கூரையில் சோலர் பனல் இருந்தாலும் ஜனவரி வெயிலை நம்பமுடியாது. பகலில் எஞ்சினை ஓட்டித்தான் ஏற்ற வேண்டும். அயற்படகுகள் இருக்கும் இடத்தில் இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை அதற்கும் தடை.

இது தெரியாத நான் இரண்டாம் நாள் தலைமுடி உலர்த்தியைச் செருகிவிட்டேன். 1200 வாற்று உலர்த்தி 12 வோல்ற்றுப் பற்றறியிலிருந்து நூறு அம்பியருக்கு மேல் இழுக்கும். இன்வேட்டர் அலறியது. “ஒரு முழு இரவு வெளிச்சத்தைத் தலையில ஊத்திப்போட்டாய்” என்று சிரித்தாள்.

மாதம் ஒருமுறை பற்றறி பார்க்கும் வேலை அந்த வாரம் வந்தது. முதலில் என் வளையல்களையும் மோதிரத்தையும் கழற்றச் சொன்னாள். இரு முனைகளுக்கும் இடையே உலோகம் பட்டால் கணத்தில் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, மறை முனைக் கம்பியை முதலில் கழற்றினாள். மூடிகளைத் திறந்து, தகடுகள் மூழ்கும் அளவுக்குக் காய்ச்சி வடித்த நீர் விட்டாள். குழாய் நீர் கூடாது. முனைகளில் பூத்திருந்த வெண்பச்சைப் படிவை, மூடிகளை இறுக்கிய பிறகு, அப்பச்சோடா கரைத்த நீரில் தோய்த்த துணியால் துடைத்து, உலர்ந்ததும் வசலின் பூசினாள். ஏற்றும்போது பற்றறியிலிருந்து ஐதரசன் வெளிவரும் என்பதால் அந்தப் பக்கம் தீக்குச்சி கொண்டுபோவதில்லை. நாங்கள் கதிரை பழுதானால்கூட அடுத்த வீட்டு அண்ணாவைக் கூப்பிட்டு வளர்ந்தவர்கள். அவளுடைய கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெப்பம் தருவது இரும்பு அடுப்பு ஒன்று. புகை குறைந்த நிலக்கரியும் நன்கு உலர்ந்த விறகும் எரிப்பாள். இரவில் காற்றைக் குறைத்து, தணல் விடியும்வரை கிடக்கும்படி விடுவாள்.

நான்காம் இரவு கடுங்குளிர். என் படுக்கைக்கு மேலே கூரையிலிருந்த காளான் வடிவத் துவாரத்தால் குளிர் இறங்கியது. அவள் தூங்கியபின் என் சால்வையை அதற்குள் அடைத்தேன். கதவின் கீழிருந்த துவாரத்துக்கு ஒரு சோடி காலுறை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். தலை கனத்தது, பயணக் களைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டு மணியளவில் அலாரம் கத்தியது. அவள் என்னை இழுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தாள். போகும் வழியில் கதவு இரண்டையும் திறந்து விட்டாள். முன்பு படகிழுத்த குதிரைகள் நடந்த கரைப்பாதையில், உறைபனியில், காலுறை இல்லாமல் நின்றோம். பாடசாலையில் காபனோரொட்சைட்டு என்று மனனம் செய்த வாயு. நிறமில்லை, மணமில்லை. தணல் போதிய காற்றின்றிப் புகையும்போது பிறப்பது. தலையிடி, குமட்டல், சோர்வு என்று காய்ச்சல் வரப்போவதுபோலவே தொடங்கும். அவள் 111 மருத்துவ ஆலோசனை இலக்கத்துக்கு அழைத்தாள். விடியும்போது வைத்தியசாலையில் இருவருக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தப்பினோம்.

“அது ஓட்டையில்லையடி, எங்கட மூக்கு” என்றாள். அதற்கு மேல் ஏசவில்லை. ஏனென்றால் தவறு முழுவதும் என்னுடையதல்ல. அடுப்புக் கதவின் விளிம்பில் பதித்திருந்த வெப்பம் தாங்கும் கயிறு தேய்ந்திருந்தது. புதுக் கயிறு வாங்கி ஒரு மாதமாக இழுப்பறையில் கிடந்தது. வேலை முடிந்து வந்தால் களைப்பு, நாளைக்கு, நாளைக்கு என்று விட்டிருக்கிறாள்.

2013 ஏப்ரல் 1ஆம் திகதி வின்டமியர் ஏரியில் மோட்டார் படகொன்றில் ஒரு தாயும் அவருடைய பத்து வயது மகளும் இதே வாயுவால் இறந்தார்கள். அங்கே அது மின்பிறப்பாக்கியின் புகையிலிருந்து வந்தது. தங்கும் வசதியுள்ள படகுகளில் இந்த அலாரம் இருக்க வேண்டும் என்ற விதி 2019 ஏப்ரலில்தான் வந்தது. நான்கு ஆண்டுக்கொருமுறை நடக்கும் பாதுகாப்புப் பரிசோதனையில் அதையும் பார்ப்பார்கள். தோழி வாராவாரம் பொத்தானை அமர்த்திச் சோதிப்பாள். அந்தப் பழக்கந்தான் எங்களைக் காத்தது.

மறுநாள் அடுப்பு முழுதாக ஆறியபின் இருவரும் குந்தியிருந்தோம். பழைய கயிற்றைப் பிடுங்கி, பள்ளத்தைத் திருப்புளியால் சுரண்டி, பசை தடவி, புதியதை இழுக்காமல் அமர்த்தினோம். இழுத்தால் மெலிந்துவிடும். பசை காய ஒரு நாள் வேண்டும். அன்றிரவு சுடுநீர்ப் பைகளும் மூன்று கம்பளிகளுமாய்க் கிடந்தோம். காலையில் ஒரு கடதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தோம். முன்பு வழுக்கி வந்தது, இப்போது அசையவில்லை. புகைபோக்கியையும் தூரிகையால் துடைத்தோம். சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் கரைக்குக் கொண்டுபோனது நான். ஆறியதுபோலத் தெரியும் சாம்பலும் அந்த வாயுவை விடுமாம்.

துவாரத்துக்குக் கீழே தமிழில் ஒரு அட்டை ஒட்டிவிட்டு வந்தேன். குளிர்காலத்தில் அவளிடமிருந்து இன்னமும் செய்தி வரும். பெரும்பாலும் ஓர் எண் மட்டுந்தான். போன கிழமை 12.6.