தேனிக்காரருக்கு மூன்று குடை... செவ்வாய் போகிறவருக்கு?

போடிநாயக்கனூர் என்றால் ஏலக்காய். கம்பம் என்றால் பன்னீர் திராட்சை. இந்த இரண்டுக்காகவும் இல்லாமல் வேறொரு காரணத்துக்காக விஞ்ஞானிகள் ஒரு சமயம் இந்தப் பக்கம் வந்தார்கள். அவர்கள் தேடி வந்தது நல்ல கனமான ஒரு கூரை!

தேவாரம் பக்கத்தில் பொட்டிப்புரம் என்றொரு கிராமம். அதை ஒட்டிய மலையைக் குடைந்து, சுமார் 2 கிலோமீட்டருக்குச் சுரங்கப்பாதை போட்டு, உள்ளே 50,000 டன் இரும்புக் கருவியை நிறுத்தி, நியூட்ரினோ என்ற பரம சாதுவான துகளைப் பிடிப்பதாகத் திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அரசின் ஒப்புதல் அறிவிக்கப்பட்டது. மலை என்ன ஆகும், தண்ணீர் என்ன ஆகும் என்று ஊர்மக்கள் எதிர்த்தார்கள். வழக்குகள் நடந்தன. அது புலிகள் நடமாடும் வழித்தடம், அனுமதிக்க முடியாது என்று தமிழக அரசு 2022-ல் சுப்ரீம் கோர்ட்டில் சொல்லிவிட்டது. ஆய்வகம் எழும்பவில்லை.

அந்தச் சண்டைக்குள் நாம் போகவில்லை. நமக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்விக்கு பதில். ஒரு துகளைப் பிடிக்க மலை எதற்கு?

மேலேயிருந்து ஓயாமல் இறங்கும் காஸ்மிக் கதிர்களுக்குப் பயந்துதான்! சந்தை இரைச்சலில் கொலுசுச் சத்தம் கேட்குமா? நியூட்ரினோ கொலுசு. காஸ்மிக் கதிர் சந்தை. தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் பாறை இருந்தால் அந்த இரைச்சல் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்காக அடங்கும்.

இரும்புக் கருவிக்கே இவ்வளவு பந்தோபஸ்து. செவ்வாய்க்குப் போகப் போகிற மனுஷனுக்கு என்ன பந்தோபஸ்து? இன்றைய தேதிக்கு, மெல்லிய அலுமினியச் சுவரும் அதற்குள் கொஞ்சம் தட்டுமுட்டுச் சாமானும்!

சாரலும் அடைமழையும்

காஸ்மிக் கதிர் என்பது பெயருக்குத்தான் கதிர். நிஜத்தில் அவை பொடிப்பொடித் துகள்கள். பெரும்பாலும் புரோட்டான்கள். மிச்சத்தில் ஹீலியம் அணுக்கரு, நூற்றில் ஒன்று என்ற கணக்கில் இரும்பு வரைக்குமான கனத்த அணுக்கருக்கள். எங்கோ வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களிலிருந்து கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் வருகின்றன. 1912-ல் விக்டர் ஹெஸ் என்பவர் பலூனில் ஏறி, மேலே போகப் போக இவை அதிகமாவதைக் கண்டுபிடித்தார். 1936-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நீங்கள் ஆபீஸில் ஃபைல் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த நிமிஷமும் இது பெய்துகொண்டுதான் இருக்கிறது. உள்ளங்கையை நீட்டுங்கள். காஸ்மிக் கதிர் காற்றில் மோதிப் பிறந்த மியூவான் துகள், விநாடிக்கு ஒன்றாவது அதைத் துளைத்துப் போகிறது. மானேஜர் கூட அவ்வளவு அடிக்கடி துளைக்க மாட்டார்! ஆனாலும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. காரணம், குடைகள்.

முதல் குடை, பூமியின் காந்தப்புலம். இதில் நம்ம ஊருக்குத் தனி அதிர்ஷ்டம். பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அங்கே காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருப்பதால், மேலிருந்து வரும் மின்துகளை அவை வளைத்துத் திருப்பி விடுகின்றன. துருவங்களில் சுலபமாக நுழைகிற துகள்களில் பெரும்பகுதி தேனி வானத்தில் நுழைவதில்லை. உலகத்திலேயே இந்தக் குடை நன்றாக விரிந்திருக்கும் இடங்களில் தென்னிந்தியாவும் ஒன்று.

இரண்டாவது குடை, காற்று. தலைக்கு மேல் காற்றுதானே என்று நினைக்காதீர்கள். அதன் எடை, பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம்!

மூன்றாவது குடை, வேண்டுமானால் மலைக்குள் போகலாம்.

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். தேக்கடிப் பக்கம் மழை கொட்டித் தீர்க்கும். மலை அதை வாங்கிக்கொண்டு, கூடலூர், கம்பம் பக்கம் சாரலைத்தான் அனுப்பும். தரையில் இருக்கும் நமக்கு வருவது காஸ்மிக் சாரல். மலையைத் தாண்டிப் போகிறவருக்கு அடைமழை.

நிஜமான செவ்வாய் தோஷம்

பருப்புக்குக் கிலோ, பாலுக்கு லிட்டர் மாதிரி, உடம்பில் ஏறும் கதிர்வீச்சுக்கு மில்லிசீவெர்ட் என்று ஒரு அளவு. கீழே கணக்கைப் பாருங்கள்.

* பூமியில் நாம் மண், காற்று, சாப்பாடு, வானம் எல்லாவற்றிலிருந்தும் இயற்கையாக வாங்குவது, உலக சராசரியில் வருஷத்துக்கு 2.4. இதில் காஸ்மிக் கதிரின் பங்கு சுமார் 0.4.

* கூடங்குளம் மாதிரி அணுமின் நிலையத்தில் வேலை பார்ப்பவருக்கு இந்தியாவில் உச்சவரம்பு, ஐந்து வருஷ சராசரியில் வருஷத்துக்கு 20.

* சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரே நாளைக்கு அரை மில்லிசீவெர்ட்டுக்குச் சற்றுக் கூட. நாம் ஒரு வருஷம் முழுக்க வாங்கும் காஸ்மிக் பங்கு அங்கே ஒரே நாளில்!

2025-ல் நம்ம சுபான்ஷு சுக்லா விண்வெளியில் இருந்தது சுமார் 20 நாள். மொத்தம் பத்துக்கு முன்னே பின்னே வந்திருக்கும். கவலைப்பட ஒன்றுமில்லை. 400 கிலோமீட்டர் உயரத்தில் காற்றுக்குடை போய்விட்டாலும் காந்தக்குடை பெருமளவு இருக்கிறது. நம்ம ககன்யானும் அந்த உயரத்துக்குத்தான் போகப்போகிறது.

வம்பு ஆரம்பிப்பது அதையும் தாண்டும்போதுதான். 2011-ல் கிளம்பி 2012-ல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி, வழியெல்லாம் கதிர்வீச்சை அளந்துகொண்டே போனது. நாளொன்றுக்கு 1.8 மில்லிசீவெர்ட்! போக ஆறு மாசம், வர ஆறு மாசம் என்றால் பயணத்துக்கு மட்டும் சுமார் 660. செவ்வாய்த் தரையில் நாளுக்கு 0.64 வீதம் 500 நாள் தங்கினால் இன்னும் 320. ஆகமொத்தம் கிட்டத்தட்ட 1,000.

நாஸா ஒரு விண்வெளி வீரருக்கு ஆயுள் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பு எவ்வளவு தெரியுமா? 600. போய்த் திரும்புவதற்குள்ளேயே கோட்டா காலி! நம்ம அணுமின் ஊழியரின் கணக்கில் பார்த்தால், 50 வருஷ அளவை ஆசாமி இரண்டரை வருஷத்தில் வாங்கி வருகிறார். ஜாதகத்தில் இருக்கிறதோ இல்லையோ, இதுதான் அசல் செவ்வாய் தோஷம்.

இத்தனையும் உடம்பை என்ன செய்யும்? 1,000 மில்லிசீவெர்ட் என்பது புற்றுநோயால் சாகும் வாய்ப்பைச் சுமார் 5 சதவீதம் கூட்டும் அளவு. அதைவிட மோசமானவை அந்த இரும்பு அணுக்கருக்கள். எக்ஸ்ரே சாரல் என்றால் இவை ஆலங்கட்டி. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் சேர்த்து அறுத்துவிட்டுப் போகும். உடம்பு ஒட்டுப்போடும்போது தப்பாக ஒட்டினால் பிற்பாடு தொல்லை. கண்ணில் புரை வரும். ரத்தக்குழாய்கள் கெடலாம். சோதனைச் சாலையில் இதே மாதிரித் துகள்களை எலிகள்மேல் பாய்ச்சியபோது ஞாபகசக்தி குறைந்தது. பாதி வழியில் பைலட்டுக்கு மறதி வந்தால்?

அப்போலோ வீரர்கள் கண்ணை மூடிப் படுத்தபோது இருட்டில் பளிச் பளிச்சென்று மின்னல் தெரிந்ததாம். எல்லாம் காஸ்மிக் துகள்கள் கண்ணைத் துளைத்த வெளிச்சம்!

போதாக்குறைக்கு சூரியன் வேறு. அவர் திடீரென்று சீறினால் சில மணி நேரத்தில் துகள் வெள்ளம். 1972 ஏப்ரலில் அப்போலோ 16 போய் வந்தது. டிசம்பரில் அப்போலோ 17 போனது. நடுவே ஆகஸ்டில் அடித்தது ஒரு பயங்கர சூரியப் புயல். அன்றைக்கு யாராவது நிலாவில் நடந்துகொண்டிருந்தால், ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்துப் படுத்திருப்பார். தலைக்கு வந்தது காலண்டரோடு போயிற்று!

பரிகாரம் உண்டா?

கனமான உலோகக் கவசம் போட்டால் என்ன? போட்டால், மோதும் துகள் உடைந்து நாலு துகளாகி உள்ளே வரும். ஹைட்ரஜன் நிறைந்த தண்ணீரும் பாலிதீனும்தான் மேல். குடிதண்ணீரையும் மூட்டை முடிச்சுகளையும் சுற்றி அடுக்கி நடுவில் ஒண்டிக்கொண்டால் சூரியப் புயலைச் சமாளிக்கலாம். ஆனால் நட்சத்திரங்களிலிருந்து வருவது அதற்கும் மசியாது. சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்புவதே நல்லது. அதற்கேற்ற ராக்கெட் இன்னும் வரவில்லை.

2040-க்குள் இந்தியரை நிலாவில் இறக்குவது நம் லட்சியம். சில நாள் தங்கித் திரும்பலாம், பாதகமில்லை. வருஷக்கணக்கில் குடித்தனம் என்றால்? சந்திரயான்-1 எடுத்த படங்களைப் பார்த்த நம் விஞ்ஞானிகள் 2011-ல் ஒரு யோசனை சொன்னார்கள். பழைய எரிமலைக் குழம்பு ஓடிக் காலியான குகை ஒன்று அங்கே இருக்கிறது, மனிதர் குடியிருக்கத் தோதான இடம் என்று.

ஆக, விஷயம் இவ்வளவுதான். ராக்கெட் விட நமக்குத் தெரியும். குடை பிடிக்கத்தான் இன்னும் தெரியவில்லை. அதுவரை நிலாவுக்குப் போனாலும் சரி, செவ்வாய்க்குப் போனாலும் சரி, பொட்டிப்புரத்தில் விஞ்ஞானிகள் தேடியதைத்தான் தேடியாக வேண்டும். நல்ல கனமான மலையாகப் பார்த்து, அதற்கு அடியில் பாயை விரிக்க வேண்டும்!