இடம் மாறிப் பிறக்கும் இதயத் தமனி

பால் குடிக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் நெற்றி வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, முகம் வெளிறுகிறது. பசி தீராமலே குழந்தை வாயை எடுத்துவிட்டு வீறிட்டு அழுகிறது. இரண்டு, மூன்று மாதக் குழந்தை இப்படி அழுதால் வயிற்றுவலி என்றே நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அந்த எண்ணம் சரியாகவே இருக்கும். ஆனால் பால் குடிப்பதுதான் கைக்குழந்தையின் கடும் உழைப்பு. பெரியவர்களுக்கு மாடிப்படி ஏறும்போது நெஞ்சுவலி வருவதுபோல, மிகச் சில குழந்தைகளுக்குப் பால் குடிக்கும்போது இதயம் வலிக்கிறது.

அத்தகைய ஓர் அரிய பிறவிக் குறையைப் பற்றியே இவ்விதழில் எழுதுகிறோம். ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது அமைகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்களான பிளாண்ட், ஒயிட், கார்லண்ட் ஆகிய மூவரும் 1933இல் இதன் அறிகுறிகளை விரிவாக எழுதினர். அதனால் அவர்களுடைய பெயர்களாலும் இந்நோய் வழங்குகிறது.

இதயத் தசைக்கு இரத்தம் தரும் இரண்டு கரோனரி தமனிகளும் பெருந்தமனியின் அடியிலிருந்து கிளைக்க வேண்டும். இக்குறையில் இடது கரோனரி மட்டும் இடம் மாறி, அசுத்த இரத்தத்தை நுரையீரலுக்குக் கொண்டுசெல்லும் நுரையீரல் தமனியிலிருந்து கிளைக்கிறது. கருவில் இருக்கும்வரை இரு பெருங்குழாய்களிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றே; ஆகவே தீங்கு இல்லை. குழந்தை நல்ல எடையுடன் பிறக்கும். கர்ப்பகால ஸ்கேனில் ஏன் தெரியவில்லை என்று கலங்கும் பெற்றோருக்கு நாங்கள் சொல்லும் விடை இதுதான்: அப்போது இதயம் நன்றாகவே இயங்கிக்கொண்டிருந்தது.

பிறந்த சில வாரங்களில் நுரையீரல் தமனியின் அழுத்தம் இயல்பாகவே குறைகிறது. அப்போது, மேட்டு வயலில் நிற்க வேண்டிய நீர் மடை உடைந்து பள்ளத்துக்கு வடிவதுபோல, வலது கரோனரி அனுப்பும் நல்ல இரத்தமும் சிறு இணைப்புக் குழாய்கள் வழியாக இடது கரோனரிக்கு வந்து, தசைக்குப் பயன்படாமல் நுரையீரல் தமனிக்குள் வடிந்துவிடுகிறது. இடது கீழறை பட்டினி கிடந்து விரிகிறது. மைட்ரல் வால்வு கசிகிறது. சிகிச்சையின்றி விட்டால் பத்தில் ஒன்பது குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காண்பதில்லை. இணைப்புக் குழாய்கள் நன்கு வளர்ந்த சிலர் மட்டும் அறிகுறியின்றிப் பெரியவர்களாகின்றனர். அவர்களுக்கும் ஆபத்து நீங்குவதில்லை.

எக்கோ பரிசோதனையில் முதலில் கண்ணில் படுவது விரிந்து தளர்ந்த இதயம். இதயத் தசையே நோயுற்ற குழந்தைகளிலும் இதே படந்தான் தெரியும். 'தசை நோய்' என்று எழுதி அறிக்கையை முடித்துவிட்டால், அறுவையால் மீட்கக்கூடிய குழந்தை மருந்தை மட்டும் நம்பிக் காத்திருக்க நேரும். ஆகவே, காரணம் தெரியாமல் விரிந்த ஒவ்வொரு குழந்தை இதயத்திலும் இரண்டு கரோனரிகளும் எங்கிருந்து புறப்படுகின்றன என்பதைக் கண்டறியாமல் பரிசோதனை முடிந்ததாக நாங்கள் கருதுவதில்லை. பரிசோதனை நீண்டுபோகிறதே என்று வெளியே காத்திருப்போர் அஞ்ச வேண்டாம். ஓரிரு மில்லிமீட்டர் அகலமுள்ள குழாயை, நிமிடத்துக்கு நூற்றைம்பது முறை துடிக்கும் இதயத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தேடலில் கறுப்பு வெள்ளைப் படம் ஏமாற்றக்கூடும். இடது கரோனரி பெருந்தமனிக்கு மிக அருகில் செல்வதால், அதிலிருந்தே கிளைப்பதுபோலத் திரையில் தோன்றுவதுண்டு. எனவே வண்ண டாப்ளர் கொண்டு இரத்தம் ஓடும் திசையைப் பார்க்கிறோம். திரையில் சிவப்பைக் கண்டால் நல்ல இரத்தம், நீலத்தைக் கண்டால் கெட்ட இரத்தம் என்று பெற்றோர் பலர் நினைக்கின்றனர். அப்படியன்று. கருவியை நோக்கி வரும் ஓட்டம் சிவப்பாகவும், விலகிச் செல்வது நீலமாகவும் காட்டப்படுகிறது, அவ்வளவே. இடது கரோனரியில் ஓட்டம் தலைகீழாக இருப்பதும், வலது கரோனரி பருத்திருப்பதும், வால்வைத் தாங்கும் தசைகள் வடுப்பட்டு வெண்மையாய் ஒளிர்வதும் சேர்ந்து வந்தால் ஐயம் வலுக்கிறது. ஈ.சி.ஜி.யும் பெரும்பாலும் மாரடைப்பு வந்தவருடையதைப் போலவே இருக்கும்.

ஐயம் எஞ்சினால் சி.டி. ஆஞ்சியோகிராம் செய்கிறோம். நரம்பு வழியே சாயமருந்து செலுத்தி, சில நொடிகளில் குழாய்களின் முழு வடிவத்தையும் எடுத்துவிடலாம். எக்கோவில் கதிர்வீச்சு அறவே இல்லை, சி.டி.யில் உண்டு. அதனால் குழந்தையின் எடைக்கேற்ப அளவைக் குறைத்தே பயன்படுத்துகிறோம். முன்பு ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலோ சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ தவறாமல் முன்கூட்டியே தெரிவியுங்கள். எக்கோவுக்கு அழுகை பெரிய தடை. குழந்தை உறங்கும் நேரத்தையொட்டி அழைத்து வருவது நல்லது. மயக்கமோ உறக்க மருந்தோ தேவைப்பட்டால் எத்தனை மணி நேரம் பால் கொடுக்கக் கூடாது என்பதைச் செவிலியர் கூறுவார். பசியால் அழுகிறதே என்று இடையில் புகட்டிவிடாதீர்கள்.

பால் குடிக்கும்போது குழந்தை படும் பாட்டைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து வருவதும் பெரிதும் உதவும். மருத்துவர் முன் வந்ததும் பல குழந்தைகள் சிரித்துக்கொண்டிருக்கும். வியர்வையை நாங்கள் காண்பதில்லை, தாயும் பாட்டியும்தான் காண்கிறார்கள்.

அறுவையில் இடது கரோனரியை அதன் வாயோடு சிறு வட்டமாக வெட்டியெடுத்துப் பெருந்தமனியில் பொருத்துவர். களைத்த இதயம் உடனே தேறிவிடாது. சில குழந்தைகளுக்கு முதல் சில நாட்கள் இயந்திரத் துணையும் வேண்டியிருக்கலாம். ஆனால் பட்டினியால் உறங்கிக்கிடந்த தசை இரத்தம் கிடைத்ததும் விழிக்கிறது. அடுத்தடுத்த மாதங்களின் எக்கோ படங்களில் இடது கீழறை மெல்லச் சுருங்கி இயல்பளவை நெருங்குவதைப் பெரும்பாலானோரிடம் காணலாம். வால்வின் கசிவும் பலருக்குத் தானே குறையும். குறையாத சிலருக்குப் பின்னர் வால்வைச் செப்பனிட வேண்டிவரும். மறு பரிசோதனைத் தேதிகளைக் குறித்துத் தருவது அதற்காகவே. குழந்தை நன்றாக விளையாடுகிறது என்பதற்காக அவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.