பழைய லொறியும் அதன் காற்றுவழியும்

காலபோக விதைப்புக்கான நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். ஐப்பசி மாதத்து இரவு, மழை பிடித்துக்கொண்டது. வாடகைக்கு அமர்த்திய லொறி மிகப் பழையது, யப்பானில் செய்யப்பட்டது. சாரதி ஒரு கையால் வளையத்தைப் பிடித்தபடி மறுகையால் துவாயை எடுத்து முன்கண்ணாடியின் உட்புறத்தைத் துடைப்பார். துடைத்த இடம் கொஞ்ச நேரத்தில் மீண்டும் வெண்மூட்டமாகும். எமது கால்மாட்டிலோ அடுப்படியில் நிற்பதுபோன்ற சூடு. அந்த நேரத்தில் வீதியின் நடுவே படுத்திருந்த மாடொன்று வெளிச்சத்தில் தெரிந்தது. சாரதி சட்டென்று பிரேக்கை அழுத்தியதால் மாடும் நாமும் தப்பினோம்.

லொறியை ஓரமாக நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: "இந்த லொறியிலை ரெண்டு மணித்தியாலம் ஓடினால் எனக்குத் தலையிடி வந்திடும் ஐயா. கண்ணிலை பிழையெண்டு கண்ணாடியும் மாத்திப் பாத்திட்டன். நித்திரையும் வரும்."

மறுவாரம் அவருடன் நாமும் ஏ9 வீதியோரத்தில் உள்ள ஒரு சிறிய கராஜுக்குப் போனோம். அங்கு கண்டதையும் கற்றதையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். எமது கிராமங்களில் நெல்லும் மரக்கறியும் மீனும் மட்டுமன்றி, பல வேளைகளில் மனிதரும் இப்படியான பழைய வாகனங்களிலேயே பயணம் செய்கின்றனர்.

வன்னி வெயிலில் எதற்கு ஹீற்றர்?

யப்பானின் வடபகுதியில் மாரிகாலத்தில் பனி கொட்டும். ஆகவே அங்கு ஓடுவதற்கென்று செய்த லொறிகளில் சாரதி இருக்கும் பகுதியைச் சூடாக்க ஒரு ஹீற்றர் இருக்கும். இதற்கு வேறு எரிபொருள் தேவையில்லை. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றி ஓடும் தண்ணீர் 80 தொடக்கம் 90 பாகை செல்சியஸ் வரை சூடாகிறது. அதில் ஒரு பங்கை இரண்டு ரப்பர் ஓஸ்கள் மூலம் டாஷ்போட்டின் கீழே உள்ள சிறிய ரேடியேற்றருக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரு விசிறி அதனூடாகக் காற்றை ஊத, சூடான காற்று காலுக்கும் முன்கண்ணாடிக்கும் போகும். தண்ணீரைத் திறக்கவும் பூட்டவும் ஒரு சிறிய வால்வு உண்டு. டாஷ்போட்டில் உள்ள தடியை அசைத்தால் ஒரு கம்பி அந்த வால்வை இழுக்கும். வெளிக்காற்றை எடுப்பதா, உள்ளே இருக்கும் காற்றையே சுற்ற விடுவதா என்று தீர்மானிக்க இன்னொரு தடி இருக்கும்.

எமது லொறியில் அந்தக் கம்பி எப்போதோ அறுந்துவிட்டது. வால்வு பாதி திறந்தபடி இறுகிக் கிடந்தது. ஆகவே பங்குனி, சித்திரை வெயிலிலும் கொதிநீர் உள்ளே சுற்றிக்கொண்டே இருந்தது. சூடு தாங்காத சாரதி காற்று வரும் துளைகளைச் சீலையால் அடைத்தார். கிரவல் வீதிப் புழுதிக்குப் பயந்து, வெளிக்காற்று நுழையும் வழியை முந்திய சாரதி மட்டையால் மூடியிருந்தார். இவ்வாறு ஒரு சிறிய கம்பி அறுந்ததால் வண்டியின் காற்றுவழி முழுவதும் அடைபட்டுப் போயிற்று.

கண்ணாடி மூட்டமானதும் இதனாலேயே. மழையில் கண்ணாடி குளிர்ந்திருக்கும். மூச்சிலும் ஈர உடுப்பிலும் இருந்து வரும் நீராவி அதில் பட்டுத் துளியாகப் படியும். வெளிக்காற்றைச் சற்றுச் சூடாக்கிக் கண்ணாடியில் ஊதினால் அது ஈரத்தை வாங்கிக்கொண்டு போய்விடும். வெயிலில் தேவையற்றதென நாம் நினைக்கும் ஹீற்றர் மாரி இரவில் சாரதியின் கண்ணைக் காக்கிறது.

தலையிடியின் காரணம்

கராஜை நடத்தும் முதியவர் முதலில் ஹீற்றரைத் தொடவே இல்லை. பின்னேரம் இருட்டும்வரை காத்திருந்தார். பின்னர் எம்மில் ஒருவரை உள்ளே இருக்கச் சொல்லிக் கதவுகளைப் பூட்டிவிட்டு, ரோச் லைற்றுடன் லொறியின் கீழே புகுந்தார். உள்ளே இருந்தவருக்கு வெளிச்சம் பல இடங்களில் தெரிந்தது. கிளச் பெடலின் அடியில் ஒரு துளை, கியர் தடியின் ரப்பர் உறை கிழிந்த இடம், இருக்கையின் கீழே எஞ்சினை மூடும் தகட்டின் ஓரம் முழுவதும். அந்தத் தகட்டைச் சுற்றி இருக்கவேண்டிய ரப்பர் பட்டி இல்லை.

காலையில் எஞ்சின் ஆறியிருந்தபோது தகட்டைக் கழற்றினோம். புகைக்குழாய் எஞ்சினுடன் சேரும் இடத்தில் கறுத்த கரி அப்பியிருந்தது. கஸ்கற் வெடித்து, புகை அங்கிருந்தே கசிந்துகொண்டிருந்தது. சாரதியோ அதற்கு மேலேயே இருந்து ஓட்டுகிறார்.

"யன்னல் திறந்திருந்தால் புகை போயிடும்தானே?" என்று கேட்டோம்.

"முன்னாலை காத்து வரவேணும். அது அடைச்சுப்போட்டு யன்னலை மட்டும் திறந்தால், ஓடேக்கை உள்காத்தை வெளியிலை இழுக்கும். அந்த இடத்துக்குக் கீழையிருந்து புகைதான் ஏறும்" என்றார் அவர். முன்புறத்தால் காற்று வரும்போது உள்ளே சிறு அழுத்தம் இருக்கும். புகை ஏற இடமிராது. காற்றுவழியின் பெரும்பயன் இதுவே என்று எமக்கு அப்போது விளங்கியது.

புகையை இலேசாக எண்ணக்கூடாது. எரிபொருள் முழுமையாக எரியாதபோது உண்டாகும் காபனோரொட்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்துடன் பிணைகிறது. தலையிடி, குமட்டல், சோர்வு, நித்திரை என்று தொடங்கி, அளவு கூடினால் உயிரையே எடுத்துவிடும். பெற்றோல் எஞ்சினில் இது அதிகம்; டீசலில் குறைவு. ஆனால் டீசல் புகை கண்ணையும் சுவாசத்தையும் உறுத்தும். அது மனிதருக்குப் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் வகைப்படுத்தியது. வெற்றிலை போட்டும் தேநீர் குடித்தும் போக்கிக்கொள்கிற சாரதியின் "நித்திரை" சிலவேளை நித்திரை அல்ல.

கழற்றி எறியும் பழக்கம்

"இந்த ஹீற்றர் சனியனைக் கழட்டி எறிவமே ஐயா?" என்று சாரதி கேட்டார். முதியவர் சிரித்தார்.

"எறியிறது சுகம் தம்பி. அந்த நேரம் நானும் எவ்வளவோ கழட்டி எறிஞ்சனான். ஏன் வைச்சவன் எண்டு முதல் பாப்பம்."

"அந்த நேரம்" என்று அவர் சொன்னது 1990ஆம் ஆண்டின் பின்னான காலத்தை. யுத்தம் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் வன்னிக்கு அரிதாகின. பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிய போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். உலகுக்கு இது புதிதன்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1949 தொடக்கம் இங்கிலாந்தில் வந்த ஒருவகை பேர்கஸன் உழவு இயந்திரமும் பெற்றோலில் இயங்கத் தொடங்கி, சூடானபின் மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெய்க்கு மாறும். எண்ணெய் ஆவியாவதற்குச் சூடு வேண்டுமென்று காற்றும் எண்ணெயும் போகும் குழாயைச் சூடாக வைத்திருக்க அதில் தனியான தகடு இருந்தது. எம்மவர்கள் அப்படி எதுவும் இன்றி, கைப்பழக்கத்தாலேயே அதைச் செய்தார்கள். ஆனால் ஆவியாகாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுடன் கலந்து அதன் வழுக்கலைக் கெடுத்தது, புகையும் கூடியது.

ஓடுவதற்கு அவசியமில்லாத எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வண்டியை எப்படியாவது ஓடவைப்பதே அன்றைய கெட்டித்தனம். பியூஸ் எரிந்தால் ஒரு செப்புக்கம்பி, ஹீற்றர் ஒழுகினால் இரண்டு ஓஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்த ஒரு குழாய்த்துண்டு. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வழி இருக்கவில்லை. அந்தக் கைகளை நாம் மதிக்கிறோம். ஆனால் 2002இல் பாதை திறந்தபின்னும், 2009இல் யுத்தம் முடிந்து மக்கள் வெறுங்கையுடன் மீளக் குடியேறிய பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மீண்டும் பரவலாகத் திறந்துவிடப்பட்டது. இடையில் 2022இன் எரிபொருள் வரிசைகளும் வந்தன. பழைய லொறிகள் இன்னும் பல்லாண்டு ஓடவேண்டியவை. அன்று அவசரத்துக்குக் கழற்றியவற்றை இன்று மீண்டும் பூட்டவேண்டும்.

செய்த வேலைகள்

இரண்டு நாளில் முடிந்த வேலைகளை ஒழுங்காகத் தருகிறோம்.

1. புகைக்குழாயின் கஸ்கற் மாற்றப்பட்டது. அடித்தளத்துத் துளைகள் தகடு வைத்து ஒட்டப்பட்டன. எஞ்சின் மூடியைச் சுற்றிப் புதிய ரப்பர் பட்டி போடப்பட்டது. கியர் தடிக்குப் பழைய ரியூப்பில் வெட்டிய உறை போதுமானதாக இருந்தது. புகைக்குழாய்க்கு அருகில் மட்டும் ரியூப் ரப்பர் கூடாது; அது சூட்டில் எரியும்.

2. எஞ்சினை ஓடவிட்டு ஹீற்றர் ஓஸ்கள் இரண்டையும் தொட்டுப் பார்த்தோம். வால்வு திறந்திருக்கையில் இரண்டும் சூடாயிருந்தால் தண்ணீர் ஓடுகிறது. ஒன்று சூடாகவும் மற்றது குளிராகவும் இருந்தால் உள்ளே அடைப்பு. எமது லொறியில் அரைகுறை அடைப்பு. எஞ்சின் நன்கு ஆறியபின் ஓஸ்களைக் கழற்றி, தண்ணீர் வழமையாக வெளியேறும் பக்கத்தால் மெதுவாகச் செலுத்தினோம். செம்மண் நிறத் துருவும் வெள்ளைப் படிவும் வந்தன. கேத்தலின் அடியில் படியும் அதே சுண்ணாம்பு இது. எமது கிணற்று நீரில் பல இடங்களில் அது அதிகம். ஆகவே ரேடியேற்றருக்குத் துப்புரவான மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ ஊற்றி, கூலன்ற் கலப்பது நல்லது. கூலன்ற் பனிநாட்டுக்கு மட்டும் உரியதன்று. துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். ஆனால் அது நஞ்சு. இனிப்பாக இருப்பதால் நாயும் பிள்ளைகளும் வாயில் வைக்கக்கூடும். நிலத்தில் ஊற்றக்கூடாது.

3. வால்வில் ஒயில் விட்டு இளக்கி, புதிய கம்பி பூட்டப்பட்டது. சைக்கிள் பிரேக் கம்பியை அளவாக வெட்டிப் பாவித்தோம். இப்போது கோடையில் முழுவதும் பூட்டலாம், மாரியில் திறக்கலாம்.

4. விசிறிப் பெட்டிக்குள் குளவிக்கூடும் எலி சேர்த்த பஞ்சும் இருந்தன. அவற்றை எடுத்தபின் மோட்டர் சுற்றியது. பியூஸ் இருந்த இடத்தில் செப்புக்கம்பி இருந்தது. வயர் சூடேறும்போது பியூஸ் எரிந்து மின்னை நிறுத்தும். செப்புக்கம்பி அவ்வாறு எரியாது, வயரே தீப்பற்றும். சரியான அளவு பியூஸ் சிறிய காசுக்குக் கிடைக்கிறது.

5. சீலையும் மட்டையும் அகற்றப்பட்டன. காற்று நுழையும் இடத்தில் நுண்ணிய கம்பிவலை வைக்கப்பட்டது. வேறு வாகனத்தின் புழுதிக்குப் பின்னால் போகும்போது மட்டும் வெளிக்காற்றை மூடி, தாண்டியதும் திறக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சூடான எஞ்சினில் ரேடியேற்றர் மூடியை ஒருபோதும் திறக்கக்கூடாது. அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்ததும் ஆவியாகச் சீறி முகத்தை வேகவைத்துவிடும். அதேபோல் லொறிக்குள் இனிப்பான மணம், காலடியில் ஈரம், கண்ணாடியில் எண்ணெய்ப்பசை போன்ற மூட்டம் காணப்பட்டால் ஹீற்றர் ஒழுகுகிறது. அப்போது ஓஸ்களைத் தற்காலிகமாக இணைத்து வீடுவரை வரலாம். அதையே நிரந்தரமாக விட்டுவிடக்கூடாது.

மார்கழியில் அதே லொறியில் மீண்டும் போனோம். விடியற்காலை, புகாரும் தூறலும். சாரதி தடியைத் தள்ளினார். கண்ணாடியின் கீழ் ஓரத்திலிருந்து மூட்டம் மெல்ல விலகி, வீதி தெளிவாகத் தெரிந்தது. துவாய் அவரது தோளிலேயே கிடந்தது. தலையிடி எப்படி என்று கேட்டோம். "அதையே மறந்து போனன் ஐயா" என்றார்.

உங்கள் ஊரிலும் இத்தகைய லொறியோ வானோ இருக்கும். சங்கத்தின் நெல்லை ஏற்றுவதாகவோ பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோவதாகவோ அது இருக்கலாம். ஓர் இருட்டிய பின்னேரம், ஒரு ரோச் லைற்றுடன் இருவர் சேர்ந்து அதைச் சோதித்துப் பாருங்கள். உள்ளே வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் புகை நுழைகிற இடம். வேலை பழகும் இளைஞர்களையும் அழைத்துவைத்துக் காட்டுங்கள். ஒரு பாகத்தைக் கழற்றுமுன் அது எதற்காக வைக்கப்பட்டது என்று கேட்கும் பழக்கத்தை அவர்கள் இப்போதே கற்றுக்கொள்ளட்டும்.