ஆப்பிரிக்காவில் தோப்பு தேடும் பண்ருட்டி

சிதம்பரத்தில் பஸ் ஏறி, சேத்தியாத்தோப்பு, வடலூர் வழியாகப் பண்ருட்டிக்குப் போகிறவர்கள் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். முதலில் இரு பக்கமும் நெல் வயல். வடலூர் தாண்டியதும் மண் சிவந்துவிடும். அப்புறம் பலாவும் முந்திரியும்தான்.

காடாம்புலியூர்ப் பக்கத்து ஊர்களில் பெண்கள் முந்திரிக் கொட்டை உடைக்கிறார்கள். ஆவியில் வெந்த கொட்டையைக் கத்தி பொருத்திய சிறு மிஷினில் வைத்துப் பிளக்க வேண்டும். ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் பொசுங்கும். அதனால் விரல்களில் சாம்பல் பூசிக்கொள்கிறார்கள். பருப்பு முழுசாக வந்தால் நல்ல விலை. உடைந்தால் விலை இறங்கிவிடும்.

அந்தக் கொட்டை எங்கே காய்த்தது? பக்கத்துத் தோப்பில் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை! அதில் பெரும் பங்கு ஆப்பிரிக்காவில் காய்த்து, கப்பலேறி, தூத்துக்குடியில் வந்து இறங்கியது.

காரணம் இருக்கிறது. பண்ருட்டித் தோப்புகள் பங்குனி முதல் வைகாசி வரை காய்க்கும். அதை மட்டும் நம்பினால் சில மாதங்களில் வேலை தீர்ந்துவிடும். டான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் அறுவடை ஐப்பசியில் தொடங்கித் தை வரை நடக்கிறது. இங்கே மரம் சும்மா நிற்கும்போது அங்கே காய்க்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வருஷம் முழுவதும் அடுப்பு எரியும்.

புயல் சாய்த்த மரங்கள்

2011 டிசம்பர் 30-ந் தேதி காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே 'தானே' புயல் கரை ஏறியது. தாத்தா நட்ட மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஒட்டுக் கன்று வைத்தாலும் மூன்று வருஷம் கழித்துத்தான் காய் தலைகாட்டும். நிறையக் காய்க்க மேலும் சில வருஷம் ஆகும். அதுவரை உடைக்கிற கைகள் சும்மா இருக்க முடியுமா? ஆப்பிரிக்கக் கொட்டை முன்பே வந்துகொண்டிருந்ததுதான். புயலுக்குப் பிறகு பலருக்கு அதுவே ஊன்றுகோல் ஆயிற்று.

பண்ணையார் எங்கே?

கொட்டை தேடிப் போகிற வியாபாரிக்கு ஓர் ஆசை இருப்பது இயல்பு. பெரிய பண்ணை ஒன்றைப் பிடித்துக் கூட்டுச் சேர்ந்துவிட்டால் கவலை தீர்ந்தது. ஆயிரம் ஏக்கர் தோப்பு, ஒரே பண்ணையார், ஒரே கையெழுத்து!

போய் இறங்கினால் அப்படிப்பட்ட பண்ணை அகப்படுவது அரிது. உலகத்திலேயே அதிகமாக முந்திரி விளையும் நாடு மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள ஐவரி கோஸ்ட். நல்ல விளைச்சல் வருஷத்தில் பத்து லட்சம் டன்னையும் தாண்டும். அநேகமாக அத்தனையும் சிறு குடும்பங்களின் தோப்புகளில் விளைகிறது. குடும்பத்துக்குச் சில ஏக்கர், அவ்வளவுதான். அந்நாட்டின் வடக்கே மண் அரிப்பைத் தடுப்பதற்காக 1960-களில் நட ஆரம்பித்த மரம் அது. மண்ணைக் காக்க வந்த மரம் காசும் கொடுக்கத் தொடங்கியது.

ஆகவே கூட்டு என்றால் ஒருவரோடு அல்ல, ஆயிரம் பேரோடு. கிராமம் கிராமமாகத் திரிந்து மூட்டை சேர்க்கும் தரகர்களை நம்ப வேண்டும். டான்சானியாவிலோ விவசாயி கூட்டுறவுச் சங்கத்தில் கொட்டையைக் கொடுத்துவிடுகிறார். சங்கம் அதைக் கிடங்கில் சேர்த்து ஏலம் விடுகிறது. இங்கிருந்து போனவரும் வரிசையில் நின்று ஏலம் கேட்க வேண்டியதுதான்.

வாங்குவதற்கு முன் ஒரு பரீட்சை உண்டு. சாக்கைக் குத்திக் கொஞ்சம் கொட்டை எடுத்து, அறுத்து, பருப்பை நிறுக்கிறார்கள். 80 கிலோ மூட்டையில் எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்பதே கணக்கு. 48 பவுண்டு என்றால் முகம் மலரும். 42 என்றால் பேரம் முறியும். ஈரக் கொட்டையாக இருந்தால் கப்பலிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். கொட்டையை அறுத்துப் பார்க்கத் தெரியாதவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு என்ன பயன்?

அரிசிக்கு முந்திரி

கினி-பிசாவு என்று ஒரு சிறு நாடு. ஏற்றுமதி வருமானத்தில் மிகப் பெரும் பங்கு முந்திரியில்தான். அங்கேயும் அரிசிதான் அன்றாடச் சாப்பாடு. கிராமத்து ஜனங்கள் கொட்டையை அளந்து கொடுத்து, அரிசியை மாற்றாக வாங்கிக்கொள்வதுண்டு. முந்திரி விலை விழுந்த வருஷம் அதே மூட்டைக்குக் குறைந்த அரிசிதான் கிடைக்கும். இதைச் சிதம்பரத்துக் குடும்பங்களுக்கு விளக்கவேண்டிய அவசியம் இல்லை.

மொசாம்பிக்கின் கதை இன்னும் கசப்பானது. 1970-களின் தொடக்கத்தில் முந்திரியில் அதுதான் முன்னணி நாடு. உடைக்கும் ஆலைகளும் அங்கேயே இருந்தன. பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. போர் ஓய்ந்த பின், 1990-களில், உலக வங்கியின் நெருக்குதலால் உடைக்காத கொட்டையின் ஏற்றுமதி வரியைக் குறைத்தார்கள். கொட்டை இந்தியாவுக்கு வந்தது. அங்கே ஆலைகள் மூடின. பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கான தொழிலாளிகளுக்கு வேலை போயிற்று. இங்கே கொல்லம் முதலான ஊர்களில் அதை உடைத்தவர்களும் பெண்கள்தான். ஒரு மூட்டைக்கு இரண்டு ஊர் அடுப்புகள் காத்திருந்தன!

இப்போது ஆப்பிரிக்க நாடுகள் விழித்துக்கொண்டன. உடைக்காத கொட்டையை வெளிநாட்டுக்கு விடுவதில்லை என்று பெனின் நாடு 2024 ஏப்ரல் 1 முதல் தடை போட்டது. அங்கேயே ஆலைகள் எழுந்திருக்கின்றன. எங்கள் மரத்துக் கொட்டையை எங்கள் பெண்களே உடைக்கட்டும் என்கிறார்கள். அது அநியாயம் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் எல்லா நாடுகளும் அப்படியே கதவை மூடிவிட்டால், சாம்பல் பூசிய விரல்களுக்கு இங்கே என்ன வேலை?

பண்ணையைத் தேடுவதை விட்டுவிட்டு அங்கேயே மிஷின் போடலாமே என்று சொல்கிறவர்கள் உண்டு. முதலாளிக்கு அது சரி. உடைக்கிறவர்கள் காடாம்புலியூரை விட்டு எங்கே போவார்கள்?

தானே புயலுக்குப் பிறகு நட்ட ஒட்டு மரங்கள் இப்போது காய்க்கின்றன. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த வி.ஆர்.ஐ.-3 ரகம் நல்ல பேர் வாங்கியிருக்கிறது. இருந்தாலும் உள்ளூர்க் கொட்டை வருஷம் முழுவதற்கும் காணாது. ஐப்பசி பிறந்தால், டான்சானியா ஏலத்தில் மூட்டை என்ன விலை போகிறது என்ற பேச்சு பண்ருட்டியில் தொடங்கிவிடும்.