கூடாரத்தில் ஓர் இரவு: ஸ்டாக்ஹோம் காட்டில் கவனிக்க வேண்டியவை

சுவீடன் நாட்டின் தலைநகரம் ஸ்டாக்ஹோம். 14 தீவுகளின் மேல் அமைந்த நகரம் அது. மேற்கே மேலரன் ஏரி, கிழக்கே பால்டிக் கடல். கடலை நோக்கிச் சென்றால் சிறியதும் பெரியதுமாகச் சுமார் 30 ஆயிரம் தீவுகளும் பாறைத் திட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. கோடை வந்துவிட்டால் நகரவாசிகள் முதுகில் ஒரு மூட்டையும் கையில் ஒரு கூடாரமுமாகக் கிளம்பி விடுகிறார்கள்.

ஓட்டல் வாடகை கொடுக்க இயலாத வெளிநாட்டு மாணவர்களும் பயணிகளும் இதே வழியை நாடுகிறார்கள். செலவு மிச்சம்தான். ஆனால் விவரம் தெரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து!

எல்லோருக்கும் உரிமை

பிறர் நிலத்தில் கூடாரம் அடித்தால் சண்டை வராதா என்று கேட்கத் தோன்றும். சுவீடனில் நெடுங்கால வழக்கம் ஒன்று இருக்கிறது. 'ஆலெமான்ஸ்ரெட்டன்' என்று பெயர். 'எல்லோருடைய உரிமை' என்று பொருள். 1994-ல் இது அந்நாட்டு அரசியல் சட்டத்திலும் இடம் பெற்றது. இதன்படி, தனியார் காடானாலும் யாரும் நடக்கலாம். ஓரிரு இரவு தங்கலாம்.

உரிமைக்கு எல்லையும் உண்டு. வீட்டுக்காரர்களின் கண்ணில் படும் தூரத்தில் கூடாரம் கூடாது. இத்தனை கெஜம் என்று கணக்கு இல்லை. அவர்களுக்குத் தொல்லை இருக்கக் கூடாது என்பதே விதி. பயிர் நிலத்தில் கால் வைக்கக் கூடாது. உயிருள்ள மரத்தின் கிளையை ஒடிக்கக் கூடாது. தேசியப் பூங்காக்களுக்கும் நகரப் பூங்காக்களுக்கும் தனி விதிகள் உண்டு. வாசலில் உள்ள பலகையைப் படித்த பிறகே மூட்டையை இறக்க வேண்டும்.

எரிந்த காடு

ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே 20 கிலோ மீட்டரில் டிரெஸ்டா தேசியப் பூங்கா இருக்கிறது. முதிர்ந்த பைன் மரங்கள் நிறைந்த காடு. 1999 ஆகஸ்டில் அங்கே தீப்பிடித்தது. சுமார் 450 ஹெக்டேர், அதாவது 1,100 ஏக்கர் காடு எரிந்தது.

கோடை வறட்சியில் காட்டுத் தரை பஞ்சு போலக் காய்ந்திருக்கும். அப்போது வட்டார நிர்வாகம் தீ மூட்டத் தடை விதிக்கும். தடை இருக்கிறதா என்று முதலிலேயே விசாரிக்க வேண்டும். தடை இல்லாவிட்டாலும், அதற்கென அமைத்த இடத்தில் மட்டுமே அடுப்பு மூட்டுவது நல்லது. மொட்டைப் பாறை மேல் மூட்டினால் சூட்டில் பாறை வெடித்து விடும். புறப்படும் முன் தண்ணீர் ஊற்றி, கிளறிப் பார்த்து, மீண்டும் ஊற்ற வேண்டும்.

மணமில்லா எமன்

குளிர் தாங்காமல் கரியடுப்பைக் கூடாரத்துக்குள் எடுத்து வைத்துக் கொண்டு தூங்குவோர் உண்டு. இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராண வாயுவைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக இரத்தத்தில் ஒட்டிக் கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி வரும். தூக்கம் என்றே தோன்றும். பிறகு விழிப்பு வராது!

தீ அணைந்து கங்கு மட்டும் கனன்றாலும் இந்த வாயு வரும். காஸ் அடுப்பும் அப்படித்தான். சமையல் வெளியே, கூடாரத்துக்குள் கனத்த தூக்கப் பையும், தரையில் விரிக்கத் தடித்த மெத்தை விரிப்பும் போதும். யாருக்காவது தலை சுற்றினால் உடனே திறந்த வெளிக்குக் கொண்டு வர வேண்டும்.

உண்ணி

நம் ஊரில் மாட்டின் காதில் ஒட்டியிருக்கும் உண்ணியை அறியாதவர் இல்லை. ஸ்டாக்ஹோம் தீவுகளின் உயர்ந்த புல்லில் அதன் இனத்தைச் சேர்ந்த சிற்றுயிர் காத்திருக்கிறது. மனிதனைக் கடித்தால் இரண்டு நோய்கள் வரக் கூடும். ஒன்று மூளைக் காய்ச்சல். இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே போடத் தொடங்க வேண்டும். மற்றொன்று பொரேலியா, ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் மருந்தில் குணமாகும்.

முழுக்கால் சட்டை அணிந்து அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக் கொள்ள வேண்டும். இரவு படுக்குமுன் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். உண்ணி இருந்தால் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவதும் சூடு வைப்பதும் தவறு. பின்னர் சிவப்பு வளையம் படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்.

112

ஜூன் மாதத்தில் அங்கே இரவு 10 மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். மூன்றரை மணிக்கே உதித்து விடும். வெளிச்சம் இருக்கிறதே என்று நம்பித் தனியே ஏரியில் இறங்கக் கூடாது. தண்ணீரின் குளிர் கைகால்களை விறைக்க வைத்து விடும்.

பாஸ்போர்ட்டையும் பணத்தையும் கூடாரத்தில் விட்டுச் செல்லக் கூடாது. எங்கே தங்கப் போகிறோம் என்பதை ஒருவரிடமாவது சொல்லி வைக்க வேண்டும். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் ஒரே எண் 112. ஐரோப்பிய யூனியன் நாடுகள் அனைத்திலும் இதே எண்தான், கட்டணம் இல்லை. காட்டுக்குள் தெருப் பெயர் இருக்காது. ஆகவே பகலிலேயே அருகில் உள்ள ஊர், பஸ் நிறுத்தம், படகுத் துறை ஆகியவற்றின் பெயரைக் குறித்து வைத்துக் கொள்ள வேண்டும். உதவி விரைந்து வந்து சேர அந்தக் குறிப்பே வழி காட்டும்.