கடாரத்துக் கல்லுக்குக் காவல் யார்?

கெப்பாலா பத்தாசிலிருந்து வடக்கே மூடா ஆற்றைத் தாண்டினால் கெடா மாநிலம். சுங்கை பட்டாணி வழியாக மெர்போக் சேர்ந்தால், குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. நம் முன்னோர் கடாரம் என்று அறிந்த நாடு இதுவே. 1025-இல் இராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்த மண்.

அங்கே, புக்கிட் பத்து பஹாட்டில், ஓடைக்கரையில் ஒரு பழைய கற்கோயில் உண்டு. மலாயில் ‘சண்டி’ என்பார்கள். 1930களில் அகழ்ந்து கண்ட அதன் கற்களை 1960 வாக்கில் அடுக்கி நிறுத்தினார்கள். வேறிடங்களில் கிடைத்த கோயில் அடித்தளங்களையும் பெயர்த்துவந்து அருகே அமைத்தார்கள். அருங்காட்சியகமும் மரநிழலுமாக அவ்விடம் ஒரு பூங்காவாகவே ஆகிவிட்டது.

எல்லாக் கோயிலுக்கும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. சுங்கை பத்து தோட்ட நிலத்திலிருந்த 11-ஆம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது இடிபட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சின்னம் அது! 2013 டிசம்பரில் இதை ஊரறியச் செய்தது, டத்தோ வீ. நடராஜன் தலைமையிலான பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டம். நிலமோ தனியாருடையது, மரபுச் சின்னமாக அரசிதழில் அது பதிவாகவில்லை. 2005-ஆம் ஆண்டின் மரபுடைமைச் சட்டம் இருந்தும், பதிவில்லாத கல்லை அதனால் காக்க முடியவில்லை.

தோட்டம் கைமாறும்போது லயமும் கோயிலும் படும் பாட்டை அறிந்த நமக்கு இது புரியாததா? உங்கள் தோட்டக் கோயில் எழுந்த ஆண்டு, எழுப்பியவர் பெயர், பழைய படம், நிலக் கடிதம் அனைத்தையும் இன்றே சேர்த்து வையுங்கள். நாலு பேர் கூடினால் அதுவே ஒரு வரலாற்றுச் சங்கம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மெர்போக்குக்கும் அழைத்துச் செல்லுங்கள். கண்டு பழகியதைத்தான் நாளை அவர்கள் காப்பார்கள்.